உதறல் நின்ற ஃபியட்

கிளிஃபர்டை அவர் மனைவி ஒரு நாளில் அரை மணி நேரம்தான் அடையாளம் கண்டுகொள்வாள். அதுவும் வீட்டில் இல்லை, காரில்.

வீட்டில் அவர் யாரோ ஒரு அண்ணன். ஆஞ்சலா மரியாதை தெரிந்த பெண். மறதி நோய் எதை எதையோ தின்று தீர்த்தது, அந்த மரியாதையை மட்டும் தொடவில்லை. காப்பி கொண்டுவந்து கொடுத்தால் "தேங்க்ஸ்ண்ணா" என்பாள். தலைவாரிவிடப் போனால் கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பகலில் கூடமாட இருக்க வரும் பக்கத்துத் தெரு பெர்னதெத்திடம், இந்த மனுஷன் ஏன் இன்னும் கிளம்பாமல் இருக்கிறார், அவர் வீட்டில் தேட மாட்டார்களா என்று ரகசியமாக விசாரிப்பாள். நாற்பது வருஷத்துக்கு மேல் கூடக் குடித்தனம் நடத்தியவள் வாயால் இதைக் கேட்டுக்கொண்டு ஒருவன் சிரித்த முகமாக நடமாட முடியுமா? கிளிஃபர்ட் நடமாடினார். சாயங்காலம் கார் இருக்கிறது என்ற தைரியத்தில் நடமாடினார்.

கார் என்றால் ஏதோ பெரிய கார் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய ஃபியட். முன் சீட் முழுக்க ஒரே பெஞ்சாக இருக்குமே, அந்தக் காலத்து வண்டி. கிளிஃபர்ட் ஓசூர் ரோட்டில் ஒரு மெஷின் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தபோது, காக்ஸ் டவுன் டாக்டர் ஒருவரிடமிருந்து மூன்றாம் கையாக வாங்கினார். அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. அங்கே கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. வண்டி மட்டும் விவேக் நகரில் அவர் வீட்டு வாசலில், மழைக்கு ஒரு தார்ப்பாய் போர்த்திக்கொண்டு, அப்படியே இருந்தது. தங்கவயலில் பிறந்து வளர்ந்து, விவேக் நகரில் ஒரு நர்சரி பள்ளிக்கு டீச்சராக வந்த ஆஞ்சலா, கல்யாணமாகி அப்பா வீட்டுக்கு முதன்முதலாக விருந்துக்குப் போனது இந்த வண்டியில்தான். மகள் கேரல் பிறக்க வலி எடுத்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனதும் இதிலேதான்.

அந்த ஃபியட்டுக்கு ஒரு வியாதி உண்டு. ஓடும்போது ஒன்றும் தெரியாது. சிக்னலில் நின்றால் போதும், வந்துவிடும். இன்ஜின் தானாக வேகம் ஏறும், தானாக இறங்கும், இதோ அணைந்தேன் என்று சீட்டோடு சேர்த்து ஆளை உதறும், அணைகிற நேரத்தில் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு மறுபடி ஏறும். காரணம் கிளிஃபர்டுக்கு நன்றாகவே தெரியும். கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலந்து போகும் வழியில் ஒரு தகடு திறந்து மூடும். அந்தத் தகட்டைத் திருப்பும் கம்பிக்கு ஸ்பிண்டில் என்று பெயர். டாக்டர் காலத்திலிருந்து ஆடி ஆடி அந்தக் கம்பியும் அது உட்காரும் ஓட்டையும் தேய்ந்து, இடைவெளி வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. லேத் பட்டறையில் கொடுத்து, ஓட்டைக்குள் புஷ் என்ற பித்தளை வளையம் போட்டால் தீர்ந்துவிடும். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளித் தள்ளி ஆயுசே போய்விட்டது.

ஒவ்வொரு சிக்னலிலும் ஆஞ்சலா ஒரே பாட்டைப் பாடுவாள். டாஷ்போர்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "கேரல் டாடி, நிக்கப்போவுது பாருங்க, கால எடுக்காதீங்க" என்பாள். எனக்குத் தெரியும், நீ சும்மா உட்கார் என்று இவர் எரிந்து விழுவார். பச்சை விழும்வரை சண்டை, விழுந்ததும் சமாதானம். எத்தனையோ வருஷம் இப்படி.

மறதி முற்றி, மகள் பெயரும் போய், வீட்டில் கழிவறை எந்தப் பக்கம் என்பதும் போன பிறகு, ஒருநாள் சும்மா காற்றாட இருக்கட்டும் என்று கிளிஃபர்ட் அவளை வண்டியில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு கூட்டிப்போனார். ஆஸ்டின் டவுன் சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டி உதறியது. ஆஞ்சலாவின் கை தானாகப் போய் டாஷ்போர்டைப் பிடித்தது.

"கேரல் டாடி, நிக்கப்போவுது பாருங்க."

கிளிஃபர்ட் ஸ்டீயரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். பின்னால் ஹாரன் அடித்துக் கொன்றுவிட்டார்கள். அவருக்குக் காதிலேயே விழவில்லை. அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை அவள் அவர் பெண்சாதியாகவே இருந்தாள். பெர்னதெத் ரசத்துக்குப் புளியே கரைப்பதில்லை என்றாள். கேரல் ஏன் போன் பண்ணவில்லை என்றாள். சட்டைக் காலர் அழுக்காக இருப்பதைப் பார்த்து முகம் சுளித்தாள். வீட்டு வாசலில் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்ததும் எல்லாம் அணைந்துபோனது. இறங்கும்போது, கொண்டுவந்து விட்டதற்கு தேங்க்ஸ்ண்ணா என்றாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ரவுண்டு. ஆஸ்டின் டவுன், லாங்ஃபோர்டு ரோடு, ரிச்மண்ட் டவுன், திரும்பி வீடு. ஊரில் இருக்கிறவனெல்லாம் சிக்னல் விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டு வண்டி ஓட்டுவான். இந்த ஒரு மனுஷன் சிவப்பு விழட்டும், விழட்டும் என்று ஊர்ந்துகொண்டு போவார். பச்சையைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும்.

இப்படியே போயிருக்கலாம். போகவிட்டதா விதி? ஒருநாள் லாங்ஃபோர்டு ரோட்டில் வண்டி நின்றேவிட்டது. பானெட்டைத் தூக்கினால் கார்புரேட்டர் முழுக்க பெட்ரோல் வழிகிறது. இப்போது வருகிற பெட்ரோலில் என்னவோ கலக்கிறார்கள், பழைய ரப்பரும் கேஸ்கெட்டும் அதைத் தாங்குவதில்லை என்று மெக்கானிக்குகள் சொல்கிறார்கள். கிளிஃபர்டும் அதைத்தான் சொன்னார். யார் செய்த பாவமோ, உள்ளே ஆஞ்சலா உட்கார்ந்திருந்தாள், வெளியே சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

கேரலுக்கு ஹெப்பகோடியில் வீடு, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தவள் பெர்னதெத் மூலம் விஷயத்தைக் கேட்டு வெளிறிப்போனாள். அவள் கெட்டவள் இல்லை. அப்பாவிடமிருந்து அந்த அரை மணி நேரத்தைப் பிடுங்க அவளுக்கு மனசில்லை. ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொன்னாள்.

"டாடி, அம்மாவ உள்ள வெச்சிக்கிட்டு பெட்ரோல் ஒழுவுற வண்டிய ஓட்டுறீங்க. ஒண்ணு சரியா பண்ணுங்க, இல்ல வித்துடுங்க."

விற்பதா! அடுத்த நாள் காலையிலேயே கிளிஃபர்ட் கார்புரேட்டரைக் கழற்றி, சாப்பாட்டு மேசைமேல் பழைய பேப்பர் விரித்து உட்கார்ந்துவிட்டார். மேல்மூடியைத் திறந்தால், பெட்ரோல் எவ்வளவு வந்தது என்று பார்த்து வழியை அடைக்கவேண்டிய மிதவையே ஓட்டையாகி உள்ளே பெட்ரோல் தேங்கிக் கிடந்தது. ஊசி வால்வு தேய்ந்திருந்தது. மூடிக்கு அடியில் இருந்த கேஸ்கெட் அட்டை அப்பளமாக நொறுங்கியது. பெட்ரோல் பீச்சும் பித்தளை ஜெட்டுகளைக் கழற்றி பெட்ரோலில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து ஊதி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணை வைத்துப் பார்த்தார். கம்பி விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும், அப்புறம் கணக்கே தப்பிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

ஆஞ்சலா எதிரே வந்து உட்கார்ந்து ஸ்க்ரூக்களைச் சின்னது பெரிதாக வரிசைப்படுத்தி வைத்தாள். நர்சரி டீச்சர் கை, சும்மா இருக்காது. கொஞ்ச நேரம் அவர் வேலையை வேடிக்கை பார்த்துவிட்டு, எங்க வீட்டுக்காரருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு என்றாள். கிளிஃபர்ட் நிமிர்ந்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள், மூன்றாம் மனுஷரிடம் புருஷனைப் பற்றிக் குறை சொல்லும்போது பெண்கள் தாழ்த்திக்கொள்வார்களே, அப்படி.

"நல்ல மனுஷன்ண்ணா. ஆனா அந்த வண்டி சிக்னல்ல நின்னா உதறும். எத்தினி வருஷமா சொல்றேன், சரி பண்ணுங்கன்னு. எனக்காவ ஒரு நாள் பண்ணக் கூடாதா?"

 இத்தனைக்கும் பிறகு அவள் மனசில் ஒரு மூலையில் தங்கிப்போயிருந்தது இந்த ஒரு குறைதான். வாழ்நாள் முழுக்க ஒருத்தி கேட்ட ஒன்றே ஒன்றைச் செய்து கொடுக்காமல் சோம்பேறித்தனம் பண்ணிவிட்டேனே என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார். மிதவையையும் வால்வையும் கேஸ்கெட்டையும் மாற்றினால் ஒழுகல் நின்றிருக்கும், கேரலுக்கும் நிம்மதி, வண்டியும் பழையபடி உதறிக்கொண்டு ஓடியிருக்கும். அதோடு விட்டிருக்கலாம். பாவி மனுஷன், விடவில்லை. ஸ்பிண்டிலையும் கழற்றி, கார்புரேட்டரோடு பையில் போட்டுக்கொண்டு சிவாஜிநகருக்கு பஸ் ஏறினார்.

சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்னால், கோழிக்கடைகளைத் தாண்டி ஒரு சந்தில் நரேஷ் லேத் வைத்திருந்தான். கார்புரேட்டரைக் கையில் வாங்கி, ஸ்பிண்டிலை நுழைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் இது ஓடியதே பெரிசு என்றான். ஓட்டையைப் பெரிதாகக் குடைந்து பித்தளை புஷ் இறக்கி, புது ஸ்பிண்டில் கடைந்து போடுவதாகச் சொன்னான். குடைவதற்கு முன்னால் ஒருதரம் கேட்டான்: "ட்ரில் போட்டா போட்டதுதான் சார். பழைய ஓட்டை திரும்பி வராது. பண்ணிடவா?"

அந்தப் பாழாய்ப்போன ஓட்டை யாருக்கப்பா வேண்டும் என்று கிளிஃபர்ட் சிரித்தார்.

வேலை சுத்தமாக வந்திருந்தது. வீட்டுக்கு வந்து, புது மிதவை, வால்வு, கேஸ்கெட் எல்லாவற்றையும் மாட்டி, இன்ஜினைச் சூடாகும்வரை ஓடவிட்டு, டியூனிங்குக்கு உட்கார்ந்தார். கலவை ஸ்க்ரூவை உள்ளே திருக, இன்ஜின் தடுமாறியது. வெளியே திருக, கனத்து முனகியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கும், அதைக் காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். கால் திருப்பு, அரைக்கால் திருப்பு என்று தேடிக்கொண்டே போனவருக்கு அந்த இடம் கிடைத்தது. கிடைத்த மாத்திரத்தில் இன்ஜின் அடங்கிப்போய் ஒரே சீராக ஓடியது. ஓடுகிறதா, அணைந்துவிட்டதா என்று அவரே குனிந்து ஃபேன் சுற்றுவதைப் பார்த்தார். வாங்கிய நாளிலிருந்து அந்த வண்டி அப்படி ஓடி அவர் பார்த்ததில்லை. அவ்வளவு சந்தோஷம். கையெல்லாம் கரியோடு உள்ளே ஓடி, "ஆஞ்சி, வா வா, கிளம்பு" என்றார்.

அன்றைக்கு ஆஸ்டின் டவுன் சிக்னலில் சிவப்பு நெடுநேரம் நின்றது. வண்டி அசையவில்லை. கிளிஃபர்ட் ஓரக்கண்ணால் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மடியிலேயே கிடந்தது. பச்சை விழுந்தது. அடுத்த சிக்னலிலும் கை எழவில்லை. ரிச்மண்ட் டவுனில் நின்றபோது அவரே பொறுக்கமாட்டாமல், பார்த்தாயா, உதறலே இல்லை, உனக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிப் பார்த்தார். அவள் திரும்பி, விருந்துக்கு வந்த இடத்தில் சிரிப்பதுபோல அழகாகச் சிரித்தாள்.

"நல்ல வண்டி வெச்சிருக்கீங்கண்ணா. இது விவேக் நகர் போவுமா?"

 இன்றைக்குக் களைத்திருப்பாள், நாளைக்குச் சரியாகிவிடும் என்று கிளிஃபர்ட் மனசைத் தேற்றிக்கொண்டார். மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும். ஜன்னல் பக்கம் ஒண்டிக்கொண்டு, முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, டாக்சியில் போகிறவளாகவே போய் வந்தாள்.

கிளிஃபர்டுக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்? அவளை அவரிடம் கூட்டிவந்து விட்டுக்கொண்டிருந்தது அந்த உதறல்தான். அதைத்தான் அவர் பஸ் ஏறிப் போய், ஆள் பிடித்து, நின்று பார்த்து, ஒழித்துக்கட்டிவிட்டு வந்திருக்கிறார்.

அதற்கப்புறம் அந்த மனுஷன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஊரெல்லாம் வண்டியைச் சரிசெய்ய அலையும், இவர் கெடுக்க அலைந்தார். முதலில் காலால் நடித்துப் பார்த்தார். சிக்னலில் நின்றதும் ஆக்ஸிலரேட்டரை மிதித்து விட்டு, மிதித்து விட்டு, பழையபடி ஏற்றி இறக்கினார். ஆஞ்சலா அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கால் வலிக்குதாண்ணா என்று கேட்டாள்.

கலவை ஸ்க்ரூவைத் தாறுமாறாகத் திருகிப் பார்த்தார். வண்டி கெட்டது, ஆனால் வேறு மாதிரி கெட்டது. ஒரு பக்கம் திருகினால் கறுப்புப் புகை கக்கியது. ஆஞ்சலா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கவேண்டும் என்று அடம்பிடித்தாள். மறுபக்கம் திருகினால் பட்டென்று நின்றே போனது. அந்த ஏறி இறங்கும் மூச்சு மட்டும் வரவே இல்லை. சிவாஜிநகர் பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கி, இதே மாதிரி தேய்ந்த கார்புரேட்டர் ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்டினார். அது வேறு எவனோ ஒருவன் வண்டியின் தேய்மானம். பின்னால் டப்பு டப்பு என்று வெடித்தது. ஆஞ்சலா பயந்து அழுதாள்.

கடைசியில் மறுபடி நரேஷிடம் போய் நின்றார். பழைய ஸ்பிண்டில் இருக்கிறதா என்றார். அது அன்றைக்கே குப்பையோடு போயிற்று என்றான். அப்படியானால் புது புஷ்ஷை ராவி லூசாக்கிக் கொடு என்றார். நரேஷ் அவரை ஏற இறங்கப் பார்த்தான். நல்ல வேலையை எதற்கு நாசம் பண்ணச் சொல்கிறார் என்று அவனுக்குக் கோபம்கூட வந்தது. கிளிஃபர்ட் காரணத்தைச் சொன்னார். வழியில் போகிறவர்கள் கேட்கும்படியாகவே சொன்னார், வெட்கமெல்லாம் போய்விட்டது. நரேஷ் லேத்தை நிறுத்தினான்.

"பண்ணித் தரேன் சார். ஆனா நான் ராவுனா அது ரவுண்டா ராவும். உங்களோடது ஒரே பக்கமா தேஞ்சிருந்திச்சி. அத்தினி வருஷம் தேஞ்சத நான் எப்படி சார் பண்றது?"

ராவித்தான் கொடுத்தான். அவன் சொன்னபடியேதான் ஆனது. இன்ஜின் பிடிவாதமாக ஒரே வேகத்தில் கத்திக்கொண்டு நின்றது, இறங்கவே இல்லை.

கேரல் வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவைப் பார்க்கும் டாக்டரிடம் பேசியதைச் சொன்னாள். இது எப்படியும் வந்திருக்கும், வண்டியால் இல்லை, அம்மாவுக்கு அந்தக் கட்டம் வந்துவிட்டது, கார்புரேட்டரைத் தொட்டிருக்காவிட்டாலும் இந்த மாசம் இல்லையென்றால் அடுத்த மாசம் போயிருக்கும் என்றாராம். ஆறுதலுக்குச் சொன்னதோ, நிஜமோ. கிளிஃபர்ட் அதை நம்பவும் முடியாமல், நம்பாமல் இருக்கவும் முடியாமல் தவித்தார். இன்னும் ஒரு மாசம் இருந்திருக்கும் இல்லையா, அந்த ஒரு மாசத்தை நான்தானே கொன்றேன் என்று மகளிடம் கேட்டார். அவள் அப்பாவின் கரி படிந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு வியாழக்கிழமை, குழந்தை யேசு கோவில் நவநாள் ஜெபத்துக்கு ஆஞ்சலாவைக் கூட்டிப்போனார். வேண்டிக்கொள்ள அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை. கூட்டத்தைப் பார்த்தால் அவளுக்குப் பிடிக்கும், அதற்காகப் போனார். பூசை முடிந்து மெழுகுவர்த்திக் கடைகளைத் தாண்டி வண்டி நிறுத்திய இடத்துக்கு வந்து கதவைத் திறந்தார். ஆஞ்சலா ஏறவில்லை. கதவிலிருந்து இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"வேணாண்ணா. எங்க வீட்டுக்காரரு வண்டி எடுத்துட்டு வரேன்னாரு. நான் அதுல போயிக்கிறேன்."

கிளிஃபர்ட் அவள் எதிரே போய் நின்றார். நான்தான் ஆஞ்சி, என்னைப் பார், நான்தான் கிளிஃபர்ட், இதுதான் நம் வண்டி என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். அவள் பார்த்தாள். நிதானமாக, இரக்கத்தோடு, யாரோ ஒரு பாவப்பட்ட கிழவரைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். அழாதீங்கண்ணா என்றாள். தோளைத் தொடக் கை நீட்டியவர் பக்கத்திலிருந்து நாசூக்காக விலகிக்கொண்டாள்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணா. அவரு வர்ற நேரம். பக்கத்துல ஒரு ஆம்பள நின்னா தப்பா நெனச்சிக்குவாரு."

கிளிஃபர்ட் என்ன செய்வார்? பேச்சுக்கு மறுபேச்சு பேசினால் அவள் பயந்து கூட்டத்துக்குள் ஓடிவிடுவாள். வண்டிகளுக்கு நடுவே சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். அங்கிருந்து கேரலுக்கு போன் பண்ணி, வந்து அம்மாவைக் கூட்டிப்போ, என்னோடு வரமாட்டேன் என்கிறாள் என்று சொன்னார். ஹெப்பகோடியிலிருந்து அந்த நேரத்து டிராஃபிக்கில் வந்து சேர வெகுநேரம் ஆகும். பரவாயில்லை, மெதுவாக வா என்றார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து அவள் முகம் நன்றாகத் தெரிந்தது. கழுத்தை எட்டி எட்டி, வருகிற ஒவ்வொரு வண்டிக்குள்ளும் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் வரப்போகிறான் என்ற ஆசை அந்த முகத்தில் அப்பட்டமாக இருந்தது. அந்த ஆசை முழுக்கத் தன்மேல்தான் என்று கிளிஃபர்டுக்குத் தெரியும். போய் அவள் முன்னால் நின்றால் அது அணைந்துவிடும் என்பதும் தெரியும். அதனால் அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். கேரல் வந்து சேரும்வரை, சாலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தியும் இந்தப் பக்கம் ஒருவருமாக, இரண்டு பேரும் கிளிஃபர்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.